தராசு போட்ட கையெழுத்து

எங்க அக்கா வீட்டுக்காரரை நெனச்சா எனக்கு முதல்ல கோவம்தான் வரும். பாசமெல்லாம் அப்புறம். நல்ல மனுஷன், யாருக்கும் ஒரு கெடுதல் நெனைக்காதவர், எல்லாம் வாஸ்தவம். ஆனா ரொம்ப நல்லவரா இருக்கற ஒருத்தர், தன்கூட இருக்கறவங்க உயிரை எப்படி எடுப்பாருன்னு இவரைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

மாமா ஒரு பம்ப் கம்பெனியில ஸ்டோர்ஸ் கீப்பர். லாரியில வர்ற பேரிங், போல்ட்டு, செப்புக் கம்பி எல்லாத்தையும் எண்ணி, எடை போட்டு, ரேக்குல அடுக்கி, உள்ள கேக்கறவங்களுக்கு எடுத்துக் குடுக்கறது அவர் வேலை. கம்பெனியில அவருக்கு வெச்ச பேரு தராசு. வீட்டுலயும் அப்படித்தான். அக்கா கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்த நாற்காலியெல்லாம் மறுநாள் திரும்பிப் போறப்போ, தூக்கக் கலக்கத்தோட வாசல்ல நின்னு எண்ணி, ரெண்டு கூடுதலா இருக்குன்னு கண்டுபுடிச்சு, அது யாரோடதுன்னு தெரியற வரைக்கும் வண்டியை நகர விடல. உள்ள எங்க அம்மா புது மாப்பிள்ளையைக் காணோமேன்னு ரூம் ரூமா தேடிட்டு இருந்தாங்க.

ஸ்டோர்ஸ்ல ஒரு பழக்கம் உண்டு. அதை இங்கயே சொல்லியாகணும், ஏன்னா எல்லாக் கூத்தும் அதுலேர்ந்துதான் வந்துச்சு. லோடு வந்து நின்னதும் டிரைவர் பறப்பாரு. அவருக்கு இன்னும் நாலு இடம் போகணும். பெட்டி பெட்டியா பிரிச்சு எண்ண ஆரம்பிச்சா பொழுதே போயிடும். அதனால மாமா ரசீதுல 'எண்ணிப் பார்க்கவில்லை'ன்னு ஒரு வரி எழுதி, கீழ கையெழுத்து போட்டு, டிரைவரை அனுப்பி விட்டுடுவாரு. அப்புறம் நிதானமா எண்ணுவாரு. குறைஞ்சா ஒரு குறைச் சீட்டு எழுதுவாரு. சரக்கு அனுப்பினவங்க மறுபேச்சில்லாம மீதியை அடுத்த லோடுல வெச்சு அனுப்பிடுவாங்க. என்னைக்காவது அந்த வரியை எழுத மறந்துட்டாக்கூட சீட்டு செல்லும். தராசு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அவ்வளவு பேருக்கும் தெரியும். முதல்ல கையெழுத்து, சண்டையெல்லாம் அப்புறம். வேலையில சேர்ந்த நாள்லேர்ந்து அவருக்கு இதுதான் பழக்கம்.

அந்த ஸ்டோர்ஸ்லதான் அவர் வலது தோள்பட்டையும் போச்சு. மேல் தட்டுலேர்ந்து பேரிங் பெட்டி ஒண்ணு சரிஞ்சப்போ, கீழ நின்னவங்க தலையில விழுந்துடக் கூடாதேன்னு கையைக் குடுத்துத் தாங்கிட்டாரு. உள்ள தசை கிழிஞ்சிடுச்சு. ஆபரேஷன் பண்ணினாத்தான் கை மேல போகும்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாரு. மேனேஜரும் வீட்டுக்கே வந்து, அந்தச் செலவு கம்பெனியோடது, நீங்க கவலையே பட வேணாம்னு அக்கா கிட்ட சொல்லிட்டுப் போனாரு. அப்பவே பண்ணியிருந்தா பரவாயில்ல. வருஷக் கணக்கெடுப்பு முடியட்டும், புது ரேக்கு வரட்டும்னு ஒவ்வொண்ணா சொல்லி மாமாவே அதைத் தள்ளிப் போட்டுட்டு வந்தாரு. நான் இல்லாட்டி ஸ்டோர்ஸ் என்னாகும்னு கேப்பாரு. அந்தக் கையால சட்டைக்குப் பட்டன் போட முடியாது. அக்காதான் தினமும் போட்டு விடுவா. நான் மருந்துக் கடையில பில்லு போடறவ. வலி மாத்திரையை அட்டை அட்டையா அவருக்குக் குடுத்தது நான்தான்.

இப்படி இருக்கறப்போ கம்பெனி கை மாறிடுச்சு. புது முதலாளி, இந்த யூனிட்டுக்கு இத்தனை பேர் தேவையில்லைன்னு பாதிப் பேரை அனுப்ப முடிவு பண்ணிட்டாங்க. ஒரு காலையில ஒவ்வொருத்தரா கண்ணாடி ரூமுக்குக் கூப்பிட்டிருக்காங்க. ஏசி, டீ, பிஸ்கட்டு, அழறவங்களுக்குத் தொடைச்சுக்க டிஷ்யூ டப்பா, எல்லாம் தயாரா வெச்சிருந்தாங்களாம். எச்.ஆர்.ல புதுசா வந்த ஒரு பொண்ணு, ரொம்ப மரியாதையான பொண்ணு, "சார், நீங்கல்லாம் எங்க குடும்பம் மாதிரி. இதுல இன்னைக்கே கையெழுத்து போட்டுட்டா கூடுதலா ஒரு தொகை இருக்கு. நாளைக்குன்னா அது கெடைக்காது, மேலேர்ந்து அப்படித்தான் சொல்லியிருக்காங்க"ன்னு ஒரு பேப்பரை நகர்த்தி வெச்சிருக்கு.

மாமா அங்கேர்ந்து எனக்கு போன் பண்ணினாரு. அதுதான் எனக்கு இன்னும் ஆறல. போன் பண்ணாமலே செஞ்சிருந்தா, தெரியாம செஞ்சிட்டாருன்னு விட்டிருப்பேன்.

"ஏம்மா, வேலைய விட்டு அனுப்பறாங்க. ஒரு பேப்பர் குடுத்திருக்காங்க"ன்னாரு, என்னமோ கடைக்கு சரக்கு வந்திருக்குங்கற மாதிரி.

முன்னாடி வரிசையில நின்னவங்களை அப்படியே விட்டுட்டு ஓரமா போய் நின்னேன். "மாமா, எதுலயும் கையெழுத்து போட்டுடாதீங்க. வீட்டுக்கு எடுத்துட்டு வாங்க. எங்க கடை ஓனரோட தங்கச்சி வக்கீல். அவங்க கிட்ட காட்டிட்டு அப்புறம் பார்க்கலாம். கேக்குதா?"

"சரிம்மா, சரி."

"கூடத் தர்றேன்னு சொன்னாலும் போடாதீங்க."

"சரிங்கறேன்ல."

சாயங்காலம் போய்ப் பார்த்தா போட்டுட்டு வந்து உக்காந்திருக்காரு. ஏன் மாமான்னு கேட்டேன். அவர் சொன்ன பதிலை என்னைக்கும் மறக்க மாட்டேன். "அந்தப் பொண்ணு பேனாவை நீட்டிக்கிட்டு காத்துட்டு இருந்துச்சும்மா. பாவம், இன்னும் எத்தனை பேரைப் பார்க்கணுமோ."

லாரி டிரைவரைக் காக்க வெக்கக் கூடாதாம். வீட்டுக்கு அனுப்பறவங்களையும் காக்க வெக்கக் கூடாதாம்.

பேப்பரை வாங்கிப் பார்த்தேன். நான் ஒண்ணும் பெரிய படிப்பு படிச்சவ இல்ல, ஆனா அதைப் புரிஞ்சுக்க படிப்பு தேவையில்ல. நானே விரும்பி வேலையை விடறேன். எனக்கு வர வேண்டியது எல்லாம் வந்து சேர்ந்துடுச்சு. உடம்புல பட்ட காயம் உட்பட எதுக்காகவும் இனிமே கம்பெனி கிட்ட எதையும் கேக்க மாட்டேன். கீழ மாமா கையெழுத்து, அச்சடிச்ச மாதிரி, ஒரு புள்ளி பிசகாம.

"காயம் உட்படன்னு போட்டிருக்கு. அப்ப ஆபரேஷன்?" அக்கா சுவத்துல சாஞ்சு நின்னுக்கிட்டே கேட்டா.

"அது தனி. அதை அப்புறம் சொல்லிக்கலாம்"னாரு.

பேசப் பேசத்தான் விஷயம் வெளிய வந்துச்சு. முதல்ல குடுத்த பேப்பர்ல வழக்கம் போல 'சரிபார்க்கவில்லை'ன்னு எழுதித்தான் கையெழுத்து போட்டிருக்காரு. அந்தப் பொண்ணு அதை எடுத்துட்டு உள்ள போயிட்டு வந்து, "சார், இதுல ஏதோ கிறுக்கல் விழுந்திருக்கு, சுத்தமா ஒரு காப்பி போட்டுக் குடுத்துடுங்களேன்"ன்னு புதுசா ஒண்ணை நீட்டியிருக்கு. இவரும் போட்டுக் குடுத்துட்டாரு. முதல் பேப்பர் அவங்க கிட்டயே போயிடுச்சு. கிறுக்கலுக்காக யாராவது உள்ள போய்க் கேட்டுட்டு வருவாங்களான்னு கத்தினேன். அந்த ஒரு வரி அவங்களுக்கு எங்கயோ குத்துதுன்னு புரிய வேணாமா?

"எழுதாட்டாலும் செல்லும்மா. சீட்டு அனுப்பினா போதும்"னாரு.

நான் தலையில அடிச்சுக்கிட்டு எழுந்து வந்துட்டேன்.

அவர் சொன்னபடியே செஞ்சாரு, அதுதான் கொடுமை. நாலஞ்சு நாள் வீட்டுல உக்காந்து யோசிச்சு யோசிச்சு ஒரு குறைச் சீட்டு எழுதியிருக்காரு. ஸ்டோர்ஸ்ல எப்படி எழுதுவாரோ அதே மாதிரி கட்டம் போட்டு, ஸ்கேல் வெச்சு கோடு இழுத்து. பொருள்: தோள்பட்டை ஆபரேஷன். அளவு: ஒன்று. நிலை: வந்து சேரவில்லை. அதுக்குக் கீழ முன்னறிவிப்புக் காலத்துச் சம்பளம், எடுக்காத லீவு, ரெண்டும் வரவில்லை. சிரிக்கறதா அழறதான்னு தெரியல எனக்கு. அக்கா சிரிக்கவே இல்ல. இஸ்திரி போட்ட சட்டையை மாட்டி, பட்டனைப் போட்டு விட்டு அனுப்பினா.

கேட்டுலயே நிறுத்திட்டாங்க. தினமும் எழுந்து நின்னு சல்யூட் அடிச்ச வாட்ச்மேன், தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "அண்ணே, உங்களை உள்ள விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க"ன்னு சொல்லியிருக்காரு. வெயில்ல நின்னுட்டே இருந்திருக்காரு மாமா. கடைசியில அந்தப் பொண்ணு வெளிய வந்து சீட்டை வாங்கிப் படிச்சுட்டு, அவர் கையிலேயே திருப்பிக் குடுத்துடுச்சாம். "சார், அதெல்லாம் செட்டில் ஆயிடுச்சே. நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே." எவ்வளவு மரியாதையா பேசுச்சு தெரியுமான்னு எங்க கிட்டயே வந்து சொல்றாரு.

மறுநாள் கையைப் புடிச்சு இழுக்காத குறையா வக்கீலம்மா கிட்ட கூட்டிட்டுப் போனேன். சின்ன ஆபீஸ், ரெண்டு ஆள் உக்காந்தா மூணாவது ஆள் நிக்கணும். நான் நின்னேன். அவங்க பேப்பரைப் படிச்சுட்டு கண்ணாடியைக் கழட்டி மேஜை மேல வெச்சாங்க.

"ஏங்க, இதைப் போடறதுக்கு முன்னாடி வந்திருக்கக் கூடாதா?"

"கூப்பிட்டேன் மேடம், நான் கூப்பிட்டேன்"ன்னேன். யார் தப்புன்னு அவங்களுக்குத் தெரியட்டும்.

அவங்க மாமாவையே பார்த்துப் பேசினாங்க. "வேலை போச்சுன்ன உடனே நம்ம கையில ஒண்ணுமே இல்லைன்னு நெனச்சுடறோம். அப்படி இல்ல. நீங்க கேக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்தாத்தான் அவங்க நிம்மதியாத் தூங்க முடியும். அதுக்குத்தான் அந்தக் கூடுதல் தொகை. அவங்களுக்கு உங்க கையெழுத்து வேணும், அது உங்க கையில இருந்துச்சு. படிக்க டைம் குடுங்கன்னு கேட்டிருக்கலாம். வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்னு சொல்லியிருக்கலாம். காயம்ங்கற வார்த்தையை அடிச்சுட்டுக் குடுங்க, போடறேன்னு சொல்லியிருக்கலாம். நானா விடலை, நீங்கதான் அனுப்பறீங்க, அப்படியே எழுதுங்கன்னு சொல்லியிருக்கலாம். அவங்களா அனுப்பினா வர வேண்டியது வேற, நீங்களா போனா வர்றது வேற. இதெல்லாம் சண்டை இல்லைங்க. வாயைத் தெறந்து கேக்கறதுதான்."

"அப்புறமா சொல்லிக்கலாம்னு…"ன்னு மாமா இழுத்தாரு.

"அப்புறம்னு ஒண்ணு கெடையாதுன்னுதான் அந்தப் பேப்பர்லயே எழுதியிருக்கு."

எனக்குக் கை தட்டணும் போல இருந்துச்சு. ஆனா தோள்பட்டை அப்படியேதான இருக்கு, கை தட்டி என்ன பண்ண. வக்கீலம்மா, தொழிலாளர் அதிகாரி கிட்ட ஒரு மனு போட்டுப் பார்க்கலாம்னாங்க. யோசிக்க டைம் குடுக்காம, இன்னைக்கே போடுன்னு நெருக்கி வாங்கியிருக்காங்க, எதை விட்டுக் குடுக்கறோம்னு இவருக்குத் தெளிவாத் தெரியல, அதனால காயம் சம்பந்தப்பட்ட வரி செல்லாதுன்னு கேட்டுப் பார்க்கலாம். உறுதியா சொல்ல முடியாது, ஆனா நூல் அளவு வழி இருக்குன்னாங்க.

நூல் போதும்னு நான் நெனச்சேன். விசாரணைக்கு முந்தின வாரம் பூரா தினமும் அக்கா வீட்டுக்குப் போய் மாமாவுக்குப் பாடம் நடத்தினேன். வக்கீலம்மா ஒண்ணும் பொய் சொல்லச் சொல்லல, சொன்னது நான்தான், அதுல எனக்கு ஒரு வெக்கமும் இல்ல. "மாமா, பேப்பரைப் படிச்சீங்களான்னு கேப்பாங்க. அவசரப்படுத்தினாங்க, படிக்கலன்னு சொல்லணும். ஒரே வார்த்தை. படிக்கல. எங்க, சொல்லுங்க."

"பார்க்கலாம்மா."

"பார்க்கலாம் இல்ல. படிக்கல."

"சரிம்மா, சரி."

அந்த சரியை அப்பவே நான் சந்தேகப்பட்டிருக்கணும்.

விசாரணை அன்னைக்கு அக்காவால வர முடியல, காய்ச்சல். நான்தான் லீவு போட்டுட்டுப் போனேன். அதிகாரியோட ரூம்ல எங்க பார்த்தாலும் கட்டுக் கட்டா ஃபைலு. அவர் தூக்கம் இல்லாதவர் மாதிரி இருந்தாரு, ஆனா எல்லாரையும் உக்காரச் சொன்னாரு. எதிர் பக்கம் எச்.ஆர். பொண்ணு, கூட கம்பெனி வக்கீல். எங்க வக்கீலம்மா, பேனா நீட்டினது, நாளைக்குன்னா தொகை இல்லைன்னு சொன்னது எல்லாத்தையும் எடுத்துச் சொன்னாங்க. அதிகாரி முகத்துல கொஞ்சம் இரக்கம் தெரிஞ்சுது. அந்தப் பொண்ணைப் பார்த்து, "யோசிக்க எவ்வளவு நேரம் குடுத்தீங்க?"ன்னாரு. அது வக்கீல் முகத்தைப் பார்த்துச்சு. எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு.

அப்பதான் கம்பெனி வக்கீல் ஒரு போட்டோவை எடுத்து மேஜை மேல வெச்சாரு. ஆண்டு விழாவுல மாமா ஷீல்டு வாங்கற போட்டோ. "சார், இவரை எல்லாரும் தராசுன்னுதான் கூப்பிடுவாங்க. ஒரு போல்ட்டு குறைஞ்சாக்கூட கண்டுபுடிப்பாரு. கம்பெனியிலேயே கவனமான ஊழியர்னு இவருக்குப் பரிசே குடுத்திருக்காங்க. இவர் போய் படிக்காம கையெழுத்து போட்டாருன்னு சொன்னா நம்பற மாதிரியா இருக்கு?"

அதிகாரி மாமா பக்கம் திரும்பினாரு. "நீங்களே சொல்லுங்க. படிச்சீங்களா?"

நான் மாமா முழங்கையை மெதுவா இடிச்சேன். அவர் அந்தப் போட்டோவையே பார்த்துட்டு இருந்தாரு.

"படிச்சேன் சார்"னாரு. "ரெண்டு தடவை படிச்சேன்."

வக்கீலம்மா சட்டுனு குறுக்க வந்தாங்க. "படிச்சிருக்கலாம் சார். சட்டப்படி அதுக்கு என்ன அர்த்தம்னு இவருக்கு எப்படிப் புரியும்?" எவ்வளவு அழகா ஒரு கதவைத் தெறந்து விட்டாங்க பாருங்க. அதிகாரியும் அதைப் புடிச்சுக்கிட்டாரு. "புரிஞ்சுதா உங்களுக்கு?"

"புரிஞ்சுது சார். காயத்துக்குக் கேக்க மாட்டேன்னு இருந்துச்சு."

"அப்புறம் ஏன் போட்டீங்க?"

"எங்க வேலையில முதல்ல வாங்கிக்குவோம் சார். குறைஞ்சதை அப்புறம் எழுதிக் கேப்போம். யாரும் இல்லைன்னு சொன்னதில்ல."

அந்தப் பொண்ணு தலையைக் குனிஞ்சுக்கிச்சு. சிரிப்பை அடக்குச்சோ, நிஜமாவே சங்கடப்பட்டுச்சோ, தெரியல. அதிகாரி பேனாவைக் கீழ வெச்சாரு. "பெரியவரே, இது லோடு இல்ல. படிச்சு, புரிஞ்சு, போட்டேன்னு நீங்களே சொல்லிட்டீங்க. இதுக்கு மேல நான் என்ன எழுதறது? கோர்ட்டுக்குப் போறதுன்னா போங்க." அவ்வளவுதான். ஃபைலை மூடி அடுத்த கட்டு மேல வெச்சுட்டாரு.

வெளிய வந்ததும் வக்கீலம்மா, கோர்ட்டுக்குப் போகலாம், நாள் ஆகும், யோசிச்சு சொல்லுங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. பஸ் ஸ்டாப் வரைக்கும் நான் மாமாவை விடல. வாய்க்கு வந்தபடி பேசினேன். "ஒரு வார்த்தை மாமா. ஒரே ஒரு வார்த்தை சொன்னா வாய் கோணிடுமா? அவங்க கூசாம அடுக்கடுக்கா பொய்யை எழுதி உங்க கிட்ட கையெழுத்து வாங்கலாம், நானே விரும்பிப் போறேன்னு. நீங்க மட்டும் ஏன் உத்தமரா இருக்கணும்? அக்காவை நெனச்சுப் பார்த்தீங்களா?"

"உத்தமம் எல்லாம் இல்லம்மா"ன்னாரு. கொஞ்ச தூரம் நடந்தப்புறம் சொன்னாரு. "படிக்காம கையெழுத்து போட்டவன்னு என்னைப் பத்தி கவர்மென்ட் ஃபைல்ல எழுதிடுவாங்களேம்மா. இத்தனை வருஷம் வேலை பார்த்துட்டு அந்தப் பேரோடயா போறது?"

அந்த ஃபைலை எவன் படிக்கப் போறான்னு கேட்டேன். நல்லவருன்னு சொன்னாக்கூட பொறுத்துக்குவேன், இது வெறும் வறட்டுக் கௌரவம். அதுக்குப் போய் ஒரு தோள்பட்டையைக் குடுத்துட்டு வர்றாரு மனுஷன்.

பஸ் வந்துச்சு. ஏறணும்னா கம்பியைப் புடிக்கணும். இடது கையில பை. வலது கையைத் தூக்கப் பார்த்தாரு, மார்பு வரைக்கும் வந்துட்டு நின்னுடுச்சு. பின்னாடி நின்னவங்க தள்ளினாங்க. "பையை வாங்கிக்கம்மா. கை வரல, ரொம்ப வலிக்குது"ன்னாரு. இத்தனை வருஷத்துல அவர் வாயால வலிக்குதுன்னு நான் கேட்டதே இல்ல. மாத்திரை கேப்பாரு, அவ்வளவுதான். பையை வாங்கிக்கிட்டு, இடுப்பைப் புடிச்சு ஏத்தி விட்டேன்.

யாரோ எழுந்து இடம் குடுத்தாங்க. உக்காந்தாரு. நான் பக்கத்துல நின்னேன். ரெண்டு ஸ்டாப் தாண்டினதும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாரு.

"கோர்ட்டுலயும் படிச்சீங்களான்னுதான் கேப்பாங்களா?"

"கேப்பாங்க மாமா."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு, "அப்ப வேணாம்மா, விட்டுடலாம்"னாரு.

பஸ்ஸுல அத்தனை பேர் இருந்தாங்க. இல்லைன்னா என் வாயில என்ன வந்திருக்கும்னு எனக்கே தெரியாது.